கேட்ட நாளில் பதிவு இருக்குமா?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் பத்துப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கக் கூட்டங்களில் இப்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பழைய சிசிடிவி பழுதாகிவிட்டது. புதிதாகப் போடும்போது முன்போலவே கோஆக்சியல் வயர் இழுத்து டிவிஆர் பெட்டி வைப்பதா, இல்லை ‘ஐபி’ கேமராவுக்கு மாறிவிடுவதா? இரண்டு கொட்டேஷன்கள் மேசைமேல் கிடக்கும். ஒன்று விலை குறைவு, மற்றது புதுமை. பேச்சு முழுக்க எத்தனை மெகாபிக்சல், போனில் தெரியுமா, எந்த கம்பெனி என்று கேமராவையே சுற்றிவரும். அந்த கேமரா எழுதிவைக்கும் பதிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து நிற்கும் நாளில் உதவப்போவது சுவரில் மாட்டிய கேமரா அல்ல, பெட்டிக்குள் இருக்கும் பதிவுதான். அது எத்தனை நாள் நிற்கும், முகம் தெரியுமா, நேரம் சரியா, யார் கைக்கெல்லாம் போகும் என்ற கேள்விகளிலிருந்து தொடங்கினால், சென்னையின் சிறு குடியிருப்புகளுக்கு வயர் முறையே இன்றும் போதுமானது, பல வகையில் மேலானதும்கூட என்பது என் முடிவு. பெரிய கடைகளின் கணக்கு வேறு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை என்ற செய்தி நகரத்தை இன்னொரு முறை உலுக்கியது. சந்தேக நபரின் உருவம் கிடைத்தது அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் தனியார் தங்களுக்காக வைத்திருந்த கேமராக்களிலிருந்து. அதற்குப் பின் ஏ.கே.விசுவநாதன் காவல் ஆணையராக இருந்த ஆண்டுகளில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் காவல்துறை தெருத்தெருவாகப் போய்க் குடியிருப்போரையும் வணிகர்களையும் கேமரா வைக்கச் சொன்னது. நகரம் பெருமளவுக்கு இணங்கியது. 2020, 2021 வாக்கில் வெளிவந்த சர்வதேச ஒப்பீடுகளில் ஒன்று, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் சென்னையை உலகின் முதலிடத்தில் வைத்தது. இன்னொன்று சதுர மைலுக்கு 609 என்று கணக்கிட்டு டெல்லி, லண்டனுக்கு அடுத்த மூன்றாம் இடம் தந்தது. மைலைக் கிலோமீட்டராக்கிப் பார்த்தால் முதல் எண்ணிக்கை இரண்டாவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. எண்ணிக்கையிலேயே இவ்வளவு இடைவெளி. எத்தனை கேமராக்களுக்குப் பின்னால் ஓடும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பது இரண்டிலும் இல்லை.

முதலில் இரண்டு முறைகளையும் பிரித்துக்கொள்வோம். வயர் முறையில் கேமரா காட்சியை மின் அலையாகக் கோஆக்சியல் கேபிள் வழியே அனுப்பும். நம் ஊர் சர்வீஸ் ஆட்கள் ‘3+1’ என்று சொல்லும் கேபிளில் காட்சிக்கு ஒரு வயரும் மின்சாரம் முதலானவற்றுக்கு மூன்று வயர்களும் சேர்ந்திருக்கும். அலையைப் படமாக்கிச் சேமிப்பது டிவிஆர் பெட்டியின் வேலை. ஐபி முறையில் ஒவ்வொரு கேமராவும் ஒரு சின்னக் கணினி. படத்தைத் தானே சுருக்கித் தனக்கென்று ஒரு முகவரியோடு நெட்வொர்க் கேபிளில் அனுப்பும். என்விஆர் என்ற பெட்டி அதை வாங்கி வைக்கும். பிஓஇ ஸ்விட்ச் இருந்தால் அதே கேபிளில் மின்சாரமும் போகும். ஐபி என்றாலே வயர் இல்லாதது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நல்ல ஐபி அமைப்புக்கும் கேமராவுக்கு ஒரு கேபிள் இழுத்தே ஆகவேண்டும். வயரில்லாமல் வருவது வைஃபை கேமரா. அதற்கும் பெரும்பாலும் பிளக் பாயிண்ட் வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை எல்லாம் நெரிசலாக மோதும் அடுக்குமாடியில் பொது இடக் காவலுக்கு அதை நம்பக்கூடாது.

‘வயர் கேமராவில் படம் மங்கல்’ என்பது முதல் ஆட்சேபம். ஒரு காலத்தில் அது உண்மை. அன்றைய படத்தின் அகலம் 720 புள்ளி; அதில் முகம் வெறும் கறையாகத் தெரியும். ஆனால் 2012-க்குப் பிறகு வந்த எச்டி-சிவிஐ, எச்டி-டிவிஐ, ஏஎச்டி போன்ற முறைகள் அதே பழைய கோஆக்சியல் கேபிளிலேயே 1920 புள்ளி அகலப் படத்தைக் கொண்டுவந்துவிட்டன. அதற்கு மேலும் இப்போது கிடைக்கிறது. அறியாத ஒருவரின் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது கண்காணிப்புத் துறையின் ஏற்கப்பட்ட அளவுகோல். ஏற்கெனவே அறிந்தவரை இன்னார் என்று சொல்ல அதில் பாதி போதும். 1920-ஐ 250-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏழரை மீட்டர் அகலம். நம் குடியிருப்புகளில் எந்த கேட் ஏழரை மீட்டர் இருக்கிறது? பிழை வேறிடத்தில் நடக்கிறது. ஒரே கேமராவில் தெருவும் கேட்டும் கார் நிறுத்துமிடமும் தெரியவேண்டும் என்று 2.8 மி.மீ. லென்ஸை மாட்டிவிடுகிறார்கள். அது ஏறத்தாழ 100 டிகிரி பார்க்கும். ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவரின் இடத்தில் காட்சி அகலம் பன்னிரண்டு மீட்டர், மீட்டருக்குக் கிடைப்பது 160 புள்ளி. அதே இடத்தில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் 400 புள்ளி கிடைக்கும். விலை அதிகமான 4 மெகாபிக்சல் ஐபி கேமராவை அகல லென்ஸோடு ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே மாட்டினால் தலை உச்சிதான் தெளிவாகத் தெரியும். கேட்டுக்கு நேரே, முகமட்டத்துக்குச் சற்று மேலே, குறுகிய லென்ஸோடு ஒரு வயர் கேமரா முகத்தைத் தந்துவிடும்.

அடுத்து, படம் எத்தனை நாள் இருக்கும்? இதைச் சாதாரணப் பெருக்கலிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஆகும். எட்டு கேமரா, முப்பது நாள் என்றால் பத்து டிபிக்கு மேல். எச்.265 சுருக்கத்தில் பாதியாகக் குறைத்தாலும் ஐந்து டிபி வேண்டும். கொட்டேஷனில் ‘ஹார்ட் டிஸ்க் 1 டிபி’ என்று ஒரே வரியில் போய்விடும் இடம் இதுதான். அந்த 1 டிபி, எட்டு கேமராவுக்கு ஆறு நாள்கூடத் தாங்காது. பிறகு பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியவர் பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்துக் காவல் நிலையத்துக்குப் போகும்போது பதிவு அழிந்திருக்கும். கேமரா எட்டும் அப்போதும் அருமையாக வேலை செய்துகொண்டிருக்கும்.

இதன் கொடுமையான வடிவத்தைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் இறந்த வழக்கில் விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர், ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை தந்தார். கேமரா இருந்தது, டிஸ்க் இருந்தது, இடமும் இருந்தது. அமைப்பு ஐபியா அனலாகா என்ற கேள்விக்கு அங்கே என்ன பொருள்? அந்த ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காவல் நிலைய கேமராப் பதிவுகளைப் பதினெட்டு மாதமும், அது முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குடியிருப்புக்கு அவ்வளவு நாள் வேண்டாம். முப்பது நாள் வேண்டும். வயர் முறையில் கேமராவுக்கு மிச்சமாகும் பணத்தை ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் அந்த முப்பது நாள் கைக்கு வந்துவிடும். அதுவும் கண்காணிப்புக்கென்றே இரவுபகலாக எழுதும்படி செய்யப்பட்ட டிஸ்க்காக இருக்க வேண்டும். கழற்றிய பழைய கணினி டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை ஏற்கவே கூடாது.

பதிவு நீதிமன்றம் வரை போகும்போது சட்டம் சில கேள்விகள் கேட்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு ஒரு சான்றிதழைக் கோருகிறது. கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு எல்லாம் அதில் வரவேண்டும். கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரும், ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பழைய சட்டத்தின் 65-பி சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையிலேயே உறுதிப்படுத்தியிருந்தது. பெட்டி சங்கத்தின் அறையில் பூட்டிக் கிடந்தால் செயலாளர் தயக்கமின்றிக் கையெழுத்திடலாம். எங்கோ ஒரு கம்பெனியின் கிளவுடில் பதிவு இருந்தால், அதை யார் வைத்திருந்தார்கள், யார் தொட்டார்கள் என்று சொல்ல அந்தக் கம்பெனியைத்தான் தேட வேண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் நெட்வொர்க் முறை உண்மையாகவே முந்துகிறது: நேரம். இணையத்தோடு பேசும் கருவி தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். தனித்து நிற்கும் டிவிஆரின் கடிகாரம் மாதத்துக்கு மாதம் நகரும். பதினைந்து நிமிடம் தப்பாக ஓடும் பெட்டிகள் சர்வசாதாரணம். ஒரு தெருவில் நடந்துபோனவரைக் கட்டடம் கட்டடமாகத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பெரிய இடையூறு. மாதம் ஒருமுறை போனைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்து ஒரு நோட்டில் குறித்துவைத்தால் இந்தக் குறை தீரும். நடைமுறையில் பலரும் செய்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாதுகாப்புக் கருவியே பாதுகாப்பற்றதாகும் இடத்துக்கு வருவோம். 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தாக்கியது மிராய் என்ற நிரல். அது ஆள்திரட்டியது வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களிலிருந்தும் டிவிஆர்களிலிருந்தும். ஆலையிலிருந்து வந்தபடியே விடப்பட்ட அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. ‘டிவிஆர்களிலிருந்தும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். வயர் முறை என்று நாம் சொல்வதும், போனில் பார்ப்பதற்காக டிவிஆரின் பின்புறம் ஒரு நெட் கேபிளைச் செருகிய நிமிடத்தில் நெட்வொர்க் முறையாகிவிடுகிறது. எனவே வயர் என்பதாலேயே பத்திரம் என்று நான் சொல்லவில்லை. வயர் முறையில் காக்கவேண்டிய கதவு ஒன்றுதான், அந்தப் பெட்டி. ஐபி முறையில் ஒவ்வொரு கேமராவும் ஒரு கதவு; ஒவ்வொன்றிலும் மென்பொருள் ஓடுகிறது, ஒவ்வொன்றையும் புதுப்பிக்க வேண்டும். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் நிறுவனத்தின் பல மாடல்களில் கடவுச்சொல்லே இல்லாமல் கருவியைக் கைப்பற்றும் ஓட்டை வெளியே தெரிந்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. பத்து வீட்டுச் சங்கத்தில் அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு கேமராவிலும் ஏற்றுவது யார் வேலை? வாட்ச்மேனா, செயலாளரா, ஆண்டுக்கு ஒருமுறை வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போகும் பராமரிப்பு ஒப்பந்த (ஏஎம்சி) ஆளா? அதோடு, காம்பவுண்டு சுவரில் வெளிப்புறமாக மாட்டிய ஐபி கேமராவைக் கழற்றினால் கட்டடத்தின் நெட்வொர்க் கேபிள் முனை அந்நியர் கையில் இருக்கும். கோஆக்சியல் முனையைப் பிடித்தவருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு செத்த வயர்.

மத்திய மின்னணு அமைச்சகம் இந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த ஆணையின்படி, இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். ஆனால் சோதனையில் தேறிய கேமராவுக்கும் ‘அட்மின் 123’ என்று கடவுச்சொல் வைத்தால் ஆணையால் ஒன்றும் செய்ய முடியாது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டுப் பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. அந்தப் பெண்கள் எவருக்கும் அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்ததில் பங்கில்லை.

சென்னைக்கென்று சில காரணங்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-இன் வர்தா புயல், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மூன்றிலும் மின்சாரம் போனது, இணையமும் போனது. வர்தாவில் சாய்ந்த மரங்கள் மேல்வழிக் கேபிள்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. பதிவை இணையத்துக்கு அனுப்பியே வாழும் கிளவுட் கேமரா, வீடுகள் காலியாகக் கிடக்கும் அந்த நாள்களில்தான் குருடாகும். உள்ளேயே பதியும் அமைப்பு, அது வயரோ ஐபியோ, ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். டிவிஆரும் எட்டு கேமராவும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் ஒரு பழைய மின்விசிறி அளவுதான். பெட்டியைத் தரைத்தள வாட்ச்மேன் அறையில் வைக்காமல் முதல் மாடியில் வைத்தால் வெள்ளத்துக்கும் தப்பும். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் உப்புக்காற்று இரண்டு வகைக் கனெக்டர்களையும் அரிக்கும். ஆனால் கோஆக்சியல் கெடும்போது முதலில் படத்தில் கோடு விழும், பிறகு புள்ளி தெறிக்கும். ஆளைக் கூப்பிட நாள் இருக்கும். நெட்வொர்க் கேபிள் முனை அரித்தால் படம் ஒரேயடியாகப் போய்விடும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: மெல்லிய 3+1 கேபிளில் 12 வோல்ட் மின்சாரம் தூரம் போகப்போக இறங்கும். இருட்டியதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும்போது மின்சாரம் பற்றாமல் அணைந்து அணைந்து வரும். பகலெல்லாம் நன்றாகத் தெரிந்த கேமரா இரவில் மட்டும் ஏன் படுத்துகிறது என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிஓஇ கூடுதல் வோல்டேஜில் அனுப்புவதால் அந்தத் தொல்லை குறைவு. எந்த முறையானாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளை வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள்.

இனி தி.நகர். உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் ஐந்தாறு மாடிகளில் எண்பது, நூறு கேமரா தேவைப்படும் கடைகளுக்கு நான் வயர் முறையைச் சொல்லமாட்டேன். நூறு கோஆக்சியல் கேபிளை ஒரே அறைக்கு இழுத்துவருவது கட்டடத்துக்கே பாரம். ஐபியில் மாடிக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து ஒரே ஃபைபர் கேபிளைக் கீழே இறக்கினால் முடிந்தது. செம்பு நெட்வொர்க் கேபிளின் நூறு மீட்டர் எல்லையும் அப்போது தடையாகாது. அங்கே சம்பளத்துக்குக் கணினி ஆள் இருப்பார். மென்பொருளைப் புதுப்பிப்பது அவர் வேலை. தீபாவளிக் கூட்டத்தில் சிவப்புச் சேலை உடுத்தியவரை ஒரு மணி நேரப் பதிவில் தேடித்தரும் மென்பொருளுக்கும் அங்கே உண்மையான தேவை இருக்கிறது. எல்லாவற்றையும்விட, பதிவின் ஒரு நகல் வேறு கட்டடத்துக்குப் போக வேண்டும். 2017 மே 31 அதிகாலை சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் பற்றிய தீ ஒரு நாளுக்கு மேல் எரிந்து, கட்டடமே இடிக்கப்பட்டதை நகரம் பார்த்தது. அப்படி ஒரு தீயில் ரெக்கார்டர் எந்த மாடியில் இருந்தாலும் ஒன்றுதான்.

‘திருடன் பெட்டியையே தூக்கிப்போய்விட்டால்?’ என்று சிறு குடியிருப்புக்காரரும் கேட்கலாம். நியாயமான கேள்வி, டிவிஆரைப் பிடுங்கிச் செல்வது திருடர்களுக்குத் தெரிந்த வேலைதான். அதற்காக எட்டு கேமராவையும் ஐபி ஆக்கவேண்டியதில்லை. பெட்டியைக் கண்ணில் படாத அறையில் இரும்புக் கூண்டுக்குள் பூட்டலாம். கேட்டைப் பார்க்கும் ஒரே ஒரு கேமராவின் நகலை மட்டும் வேறிடத்துக்கு அனுப்பலாம். பழைய தொழில்நுட்பத்தில் பணம் போடுவானேன் என்பது இன்னொரு ஆட்சேபம். சுவருக்குள் ஏற்கெனவே நல்ல கோஆக்சியல் கேபிள் இருக்கும் 1990-களின் கட்டடத்தில் அதை வீணாக்கி மறுபடி சுவரை உடைப்பதுதான் பெரிய செலவு. இப்போது வரும் பல டிவிஆர்கள் இரண்டு மூன்று ஐபி கேமராக்களையும் சேர்த்தே ஏற்கும். புதிதாக எழும் கட்டடம் என்றால் நெட்வொர்க் கேபிளைப் போட்டுவிடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

போனில் பார்க்கவேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால், மயிலாப்பூரிலும் அடையாறிலும், மதித்தே ஆகவேண்டிய ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ. இங்கே எழுபது எண்பது வயதில் அப்பாவும் அம்மாவும், அல்லது ஒருவர் மட்டும். அம்மா காலையில் எழுந்துவிட்டாளா, குளியலறைப் பக்கம் விழுந்துகிடக்கிறாளா என்று பார்க்க ஹாலில் ஒரு கேமரா. இங்கே நெட்வொர்க் தவிர வழியே இல்லை. பூட்டிய பெட்டியில் முப்பது நாள் கழித்துப் பார்க்கும் பதிவால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பயன்? நான் இதுவரை அடுக்கிய வாதத்துக்கு இது உண்மையான விதிவிலக்கு. ஆனால் மிக அதிகக் கவனம் வேண்டியதும் இந்த ஒரு கேமராவுக்குத்தான், ஏனென்றால் இது வீட்டுக்குள் பார்க்கிறது, பேச்சையும் கேட்கிறது. குடியிருப்பின் பொது அமைப்போடு இதை இணைக்கக்கூடாது. கடவுச்சொல்லை மாட்டிவிட்டுப் போன ஆளிடம் விடாமல் பிள்ளைகளே மாற்றி, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் போட வேண்டும். படுக்கையறையில் வேண்டவே வேண்டாம். எங்கே வைக்கலாம், எப்போது அணைத்துவைக்கலாம் என்பதை அந்த வீட்டில் இருக்கும் அம்மாவிடம் முதலில் கேட்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.